ஆஃப் சீசன் அண்ணன் ஃபிஜி போன கதை

குற்றாலத்துக்குப் போய், ஒரு சொட்டுத் தண்ணீர் விழாத பாறையை அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "அருமையா இருந்துச்சு" என்று மனதாரச் சொன்ன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் பெரம்பலூரில் எங்கள் எதிர்வீட்டில் குடியிருக்கிறார்.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். தெருவுக்கு அவர் ஆஃப் சீசன் அண்ணன். புது பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும் என்று பார்த்து எழுதி, விசில் ஊதி, டிரைவர்களோடு மல்லுக்கட்டுகிற வேலை. துறையூர் பஸ் இரண்டு நிமிஷம் பிந்தினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவர் சொந்த வாழ்க்கையில் மட்டும் எல்லாவற்றுக்கும் வேண்டுமென்றே பிந்திப் போவார். ஊரெல்லாம் பார்த்து முடித்து, கடைக்காரன் கடையைக் கட்டுகிற நேரத்தில்தான் அண்ணன் அண்ணியோடு போய் இறங்குவார்.

சினிமாவுக்குப் போவதென்றால் தியேட்டரிலிருந்து படத்தைத் தூக்கப்போகிற நாளின் மத்தியானக் காட்சி. ஒருமுறை தியேட்டரில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தார்களாம். இடைவேளையில் முறுக்கு விற்கிறவர் வந்து பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து மீதிப் படத்தைப் பார்த்திருக்கிறார். புத்தகக் கண்காட்சிக்குப் போனால் ஸ்டால்காரர்கள் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருப்பார்கள். அண்ணனும் உட்கார்ந்து கொஞ்சநேரம் அடுக்கிக் கொடுத்துவிட்டு வருவார். கொடைக்கானலுக்கு அடைமழையில் போனார். மூன்று நாளும் பனிமூட்டத்தில் எதிரே இருந்த ஓட்டல் போர்டுகூடத் தெரியவில்லை என்று அண்ணி என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். அண்ணனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. மலை எங்கே போய்விடும், அங்கேதானே இருந்தது என்றார்.

திருமழபாடியில் பங்குனி மாதம் நந்திக்குக் கல்யாணம் நடக்கும். வரன் அமையாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லாம் கொள்ளிடக்கரை கொள்ளாமல் வந்து குவிவார்கள். அண்ணனுக்கு ஒரே பெண், மேகலா. அவளுக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பித்த வருஷம், அண்ணியின் நச்சரிப்பு தாங்காமல் குடும்பத்தைத் திருமழபாடிக்குக் கூட்டிப்போனார். கல்யாணத்துக்கு மறுநாள். பந்தல்காரர்கள் மூங்கிலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து வந்திருந்தா நந்தியோட கொம்பு நுனிகூடத் தெரிஞ்சிருக்காது டீச்சர்" என்றார் என்னிடம். "இன்னிக்கு மாப்பிள்ளை நமக்குன்னே சும்மா உக்காந்திருந்தாரு."

அதற்கு அடுத்த மூன்றாவது மாதம் மேகலாவுக்கு வரன் அமைந்துவிட்டது. அதற்குப்பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். ஒருமுறை என் வகுப்புப் பிள்ளைகளை அரியலூர்ப் பக்கம் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனபோது, வேலைநாளில் கூட்டம் இருக்காது என்ற ஒரே காரணத்துக்காக அண்ணனும் அண்ணியோடு எங்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். கல்லாய்ப்போன நத்தையையும் சிப்பியையும் காட்டி, கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இந்த இடமெல்லாம் கடல் என்று பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அண்ணி பெருமூச்சு விட்டு, அது இருந்த காலத்திலேயே வந்திருந்தால் நமக்கும் ஒரு கடலைப் பார்த்த மாதிரி இருந்திருக்கும் என்றார். அண்ணன் வெளியே விரிந்து கிடந்த சுண்ணாம்புக்கல் நிலத்தைத் திருப்தியோடு பார்த்தார்.

"இப்பதான் நல்லா இருக்கு. கடலுக்கு ஆஃப் சீசன்."

இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் இந்தப் பைத்தியக்காரத்தனம் மேகலாவின் தலை தீபாவளியில் போய் முட்டிக்கொண்டது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

மாப்பிள்ளை உடையார்பாளையத்துக்காரர். முந்திரிக் காடும் நிலபுலனும் உள்ள குடும்பம். ஆவணியில் கல்யாணம் சிறப்பாக நடந்தது. ஐப்பசியில் தலை தீபாவளி. பெண்ணைப் பெற்றவர்கள் சம்பந்தி வீட்டுக்கு நேரில் போய், பழம் பூவோடு தட்டு வைத்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் தீபாவளிக்கு அழைக்கவேண்டும். அண்ணன் முறைப்படி போனார், முறைப்படி தட்டு வைத்தார், தீபாவளி முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அழைத்தார்.

சம்பந்திக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அப்போது தீபாவளியன்று பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், அடுத்த வாரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும், நெருக்கியடித்துக்கொண்டு வரவேண்டாம் என்று அண்ணன் பதில் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்த அண்ணிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்ததாம்.

மேகலா தலை தீபாவளிக்கு மாமியார் வீட்டிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். பலகாரம் கொண்டுவந்த பெண்கள் எல்லோரும் அவளிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "ஒங்க அப்பா வூட்டுல கூப்புடலையா?" அவள் அத்தனை பேருக்கும் பதில் சொல்லவேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் பெரம்பலூர் வந்தார்கள். சாப்பிட்டார்கள். அண்ணன் வாங்கி வைத்திருந்த பட்டுப்புடவையை மேகலா பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கிளம்பும்போது மட்டும் வாசலில் நின்று ஒன்று கேட்டாள். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கும் கேட்டது.

"ஒரே ஒரு வருஷம்ப்பா. எனக்காக ஒரே ஒரு வருஷம் அன்னிக்கே வெச்சிருக்கக் கூடாதா?"

அடுத்த சித்திரையில் மாப்பிள்ளைக்கு ஃபிஜி தீவில் ஒரு சர்க்கரை ஆலையில் எலெக்ட்ரிகல் வேலை கிடைத்து, இரண்டு பேரும் பசிபிக் சமுத்திரத்துக்கு நடுவே போய்விட்டார்கள். அங்கேயிருந்து மேகலா வாரம் தவறாமல் கூப்பிடுவாள். போனை அண்ணன் எடுத்தால், நல்லா இருக்கேன், அம்மாகிட்ட குடுங்க என்பாள். அத்தோடு சரி. நாலு வருஷம் இப்படியே ஓடியது. இதற்கிடையில் அண்ணன் ரிட்டயர் ஆகி, தெருவில் போகிற ஆட்டோக்களுக்கெல்லாம் நேரம் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

போன வருஷம் கோடை விடுமுறையில் ஒருநாள் காலை, கையில் ஒரு நாற்பது பக்க நோட்டோடு என் வீட்டுக்கு வந்தார். டூர் போகலாமென்று இருக்கிறாராம்.

எந்த ஊருக்கு என்று கேட்டேன்.

"ஃபிஜி."

நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், அங்கே கடற்கரை நன்றாக இருக்குமாம், திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய் அங்கே மாறினால் நேரே கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்களாம், சும்மா ஊர் சுற்றிப் பார்க்கத்தான் என்று நோட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார். மேகலா என்ற பெயரை வாயில் எடுக்கவே இல்லை. பிறகுதான் சமூக அறிவியல் ஆசிரியையிடம் வந்த விஷயத்துக்கு வந்தார்.

"டீச்சர், ஃபிஜிக்கு ஆடி மாசம் எப்ப?"

அண்ணனுடைய தத்துவம் எளிமையானது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. முகூர்த்தம் இல்லாவிட்டால் கூட்டம் கிடையாது. ஆகவே ஆடியில் போகவேண்டும். என் லேப்டாப்பைத் திறந்து பார்த்தால், ஃபிஜியில் ஆடியில்தான் உச்ச சீசன், ஓட்டல்களில் அறையே இல்லை. அண்ணன் அதிர்ந்துபோனார். ஆடி மாசத்தில் குடும்பத்தோடு வெளியூர் கிளம்புகிறவர்கள் எந்த மாதிரி ஜனங்கள் என்று என்னைக் கேட்டார். ஆஸ்திரேலியா ஜனங்கள் என்றேன். அவர்கள் ஊரில் அப்போது குளிர்காலம், பள்ளிக்கூடம் விடுமுறை, அதனால் எல்லோரும் வெயில் தேடித் தீவுக்கு வருகிறார்கள் என்றேன். ஆடியில் எப்படி டீச்சர் குளிரும் என்றார். சாத்துக்குடியில் ஊதுபத்திக் குச்சியைச் செருகி, டார்ச் அடித்து, பூமியின் தெற்குப்பாதியில் பருவம் ஏன் தலைகீழாக இருக்கிறது என்று ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துகிற மாதிரி நடத்தினேன். என் பிள்ளைகளே பரவாயில்லை. அண்ணன் சாத்துக்குடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எதுக்கும் மார்கழியைப் பார்த்துவிடுங்கள் என்றார்.

மார்கழியில் கிறிஸ்துமஸ் கூட்டம். அதற்குமேல் புயல் சீசன் வேறு. கூட்டமும் இருந்து புயலும் இருக்கிற ஒரு மாதத்தை அவர் வாழ்க்கையில் கேள்விப்பட்டதே இல்லை.

ஒரு வாரம் தினமும் வந்தார். கடைசியில் ஒரு பக்கத்தில், சீசனுக்கும் ஆஃப் சீசனுக்கும் நடுவே தோள் மாதிரி ஒரு சீசன் உண்டு என்று போட்டிருந்தது. சித்திரையை ஒட்டி ஒன்று, ஐப்பசியை ஒட்டி ஒன்று. வெயில் காயாது, மழை பெரிதாக இருக்காது, கூட்டம் குறைவு, அறை கிடைக்கும். படித்துக் காட்டினேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வாழ்நாள் முழுக்கத் தேடிய ஒன்று ஏழு கடலுக்கு அப்பால் கிடைத்துவிட்ட முகம்.

ஐப்பசி என்று முடிவானதும் அண்ணிக்கு உயிர் வந்தது. ஐப்பசியில்தானே தீபாவளி. நாலு வருஷம் கழித்தாவது மகளோடு அன்றைக்கு இருந்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தார். அண்ணன் ஒரே பிடியாக மறுத்தார். அந்த ஊரிலும் தீபாவளி அரசு விடுமுறையாம், ஜே ஜே என்று இருக்குமாம். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் போய் இறங்குவதுபோல டிக்கெட் போடச் சொன்னார். நானும் போட்டேன். மேகலாவுக்கும் அதே தேதியைச் சொல்லியாயிற்று. சரிம்மா என்று மட்டும் சொன்னாளாம்.

அதற்குப்பிறகு அண்ணி என் வீட்டுக்கு வந்தால் பேசுவதே இல்லை. பெட்டிக்குச் சாமான் சேர்ப்பதில்கூட மனசு ஓடவில்லை. சின்ன வெங்காயம் எடுத்துப்போக விடமாட்டார்கள், காய்கறி, விதை, மண் எதையும் தீவுக்குள் அனுமதிக்கமாட்டார்கள் என்று நான் சொன்னபோது, நம்ம ஊர் வெங்காயம் இல்லாமல் அந்தப் பிள்ளை நாலு வருஷமாய் எப்படிக் குழம்பு வைக்கிறதோ என்று அழுதார். அழுதது வெங்காயத்துக்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பள்ளியில் அதற்குப் பேர் போனவள். அன்று சாயங்காலமே எதிர்வீட்டுக்குப் போனேன். அண்ணன் பெட்டியில் கட்டிய கயிற்றை அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க போறது கடல் பாக்கவா, மேகலாவைப் பாக்கவா?"

அவர் கயிற்றை விடவில்லை.

"மகளைப் பாக்கன்னா அதுக்கு என்ன ஆஃப் சீசன்? அந்தப் புள்ள கேட்டது ஒரே ஒரு நாள். அன்னிக்குக் குடுத்திருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?"

மெதுவாகத்தான் பேசினார்.

"லீவு இல்ல டீச்சர்."

எனக்குப் புரியவில்லை.

"தீபாவளிக்கு டைம் கீப்பருக்கு எங்க லீவு? மெட்ராஸ்லேருந்து வர அத்தனை வண்டியும் நம்ம ஊரு வழியாதான் போவணும். முப்பத்தோரு வருஷமும் தீபாவளியன்னிக்கு நான் பஸ் ஸ்டாண்டுலதான் குளிச்சேன். அடுத்த வாரம்தான் லீவு வரும். அன்னிக்குத்தான் எங்க வூட்டுல தீபாவளி. மேகலா பொறந்ததுலேருந்தே அப்படித்தான்."

அதைச் சம்பந்தியிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"அவரு பத்துப் பேருக்குச் சோறு போடறவரு. நான் பெத்த பொண்ணோட தலை தீபாவளிக்கு ஒரு நாள் லீவு வாங்க வக்கில்லாதவன்னு எந்த வாயால சொல்றது? நான் இல்லாத நேரத்துல மாப்பிள்ளை வந்து என் வூட்டுல எண்ணெய் தேச்சுக்கறதும் எனக்கு மனசு கேக்கல. அதான் பஸ்ஸு கூட்டம், அது இதுன்னு ஏதோ ஒளறிட்டேன்."

எட்டு வருஷமாக எதிர்வீட்டில் இருக்கிறேன். தீபாவளியன்று அவர் வீட்டு வாசல் வெறிச்சென்று இருப்பதையும், அடுத்த வாரம் ஒற்றை வீட்டில் மட்டும் சரவெடி வெடிப்பதையும் பார்த்திருக்கிறேன். அதையும் குற்றாலம், கொடைக்கானல் பட்டியலில் சேர்த்து என் பள்ளி ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஊர் லீவில் இருக்கும்போது இவருக்கு வேலை, இவருக்கு லீவு வரும்போது ஊர் எல்லாவற்றையும் பார்த்து முடித்திருக்கும். மிச்சம் கிடைத்ததையே ரசித்துப் பழகிவிட்டார், அவ்வளவுதான். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"இப்ப ரிட்டயர் ஆயிட்டீங்களே அண்ணே" என்றேன். "இப்ப யாருகிட்ட லீவு கேக்கணும்?"

அண்ணன் அண்ணாந்து என்னைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதருக்கு அதுவரை அது தோன்றவே இல்லை.

மறுநாள் காலை நான் பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில் வந்து நின்றார். டிக்கெட் தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டார். மாற்றலாம், எத்தனை நாள் தள்ளிப்போடவேண்டும் என்று கேட்டேன், பழக்கதோஷத்தில்.

"முன்னாடி டீச்சர். தீபாவளிக்குக் காலையில அங்க இருக்கற மாதிரி. மேகலாகிட்ட சொல்ல வேண்டாம்."

இருப்பதிலேயே நெரிசலான நாள், இருப்பதிலேயே மோசமான விலை, சிங்கப்பூரில் எட்டு மணிநேரக் காத்திருப்பு. அண்ணன் எதையும் விசாரிக்கவில்லை. அன்றே போய் மேகலாவுக்கும் மாப்பிள்ளைக்கும் துணி எடுத்தார். அதுவும் நடுக்கடைவீதியில், தீபாவளிக் கூட்டத்தில் முண்டியடித்து. திரும்பி வரும்போது சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. வாசனையான நல்லெண்ணெய் ஒரு பாட்டில், இழுத்துக் கட்டிய சீயக்காய்ப் பொட்டலம், அண்ணி செய்த அதிரசம். சம்பந்தி உடையார்பாளையத்திலிருந்து வறுத்த முந்திரி கொடுத்தனுப்பினார். அண்ணனே போனில் கூப்பிட்டு லீவு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் மாப்பிள்ளையைப் பஸ் ஸ்டாண்டுக்கே அனுப்பியிருப்பேனே என்று அவர் சத்தம் போட்டாராம்.

கிளம்புகிற அன்று கார் வைத்துக்கொள்ளலாம் என்றேன். கேட்கவில்லை. புது பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ்ஸுக்குக் கூட்டம் அலைமோதியது. முப்பத்தோரு வருஷம் அந்தக் கூட்டத்தை விசில் ஊதி ஏற்றி அனுப்பியவர், முதல்தடவையாக அதற்குள் புகுந்து ஏறினார். கண்டக்டர் அடையாளம் கண்டு யாரையோ எழுப்பி இடம் கொடுத்தார். அண்ணியை உட்காரவைத்துவிட்டு அண்ணன் நின்றுகொண்டார். யாரோ காலை மிதித்தார்கள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, எவ்வளவு கூட்டம் பாருங்கள் டீச்சர் என்று கையைக் காட்டினார். அப்படி ஒரு சந்தோஷமான முகத்தை அந்த பஸ் ஸ்டாண்டு பார்த்திருக்காது. பஸ் ஏழு நிமிஷம் பிந்திக் கிளம்பியதை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை அவரால்.

மிச்சக் கதையை அண்ணி வாட்ஸாப்பில் கூப்பிட்டுச் சொன்னார்.

தீபாவளியன்று விடிகாலை ஃபிஜியில் இறங்கி, டாக்ஸி பிடித்து, மேகலா இருக்கிற ஆலைக் குடியிருப்புக்குப் போயிருக்கிறார்கள். வழியெல்லாம் வீடுகளில் தோரணம், கோலம், வாசல் நிறைய விளக்கு. மேகலா வீட்டு வாசல் மட்டும் வெறிச்சென்று இருந்தது. கோலம் இல்லை, ஒரு அகல்கூட இல்லை. அண்ணன் எண்ணெய்ப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டியிருக்கிறார்.

மேகலா பழைய நைட்டியோடு கதவைத் திறந்தாள். தலையில் எண்ணெய் இல்லை. அடுப்பில் சாதாரண இட்லிதான் வெந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் இல்லை. ஐப்பசியில் அங்கே கரும்பு அரைவை நடக்கிற காலம், ஆலையில் யாருக்கும் தீபாவளிக்கு லீவு கிடையாது, அவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். அவள் அப்பாவைப் பார்த்தாள், எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்தாள், அவர் கையில் இருந்த துணிப்பையைப் பார்த்தாள்.

"என்னப்பா, ஒரு வாரம் முன்னாடியே வந்துட்டீங்க?" என்றாளாம். "நமக்கு அடுத்த வாரம்தானே தீபாவளி."

அந்த ஊருக்குப் போன முதல் வருஷத்திலிருந்தே அவள் அப்படித்தான் கொண்டாடுகிறாளாம். புருஷன் இல்லாத தீபாவளி என்ன தீபாவளி என்று அவருக்கு லீவு வருகிறவரை தள்ளிவைத்துவிடுவாள். முதல் தடவை தள்ளிவைத்த அன்றைக்கே அப்பாவைப் பற்றி எல்லாம் புரிந்துபோயிற்றாம். அதைப் போனில் எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு அண்ணி அழுதார். பின்னால் அண்ணன், ஃபிஜியில் பஸ்ஸுக்கு ஜன்னல் கண்ணாடியே இல்லை என்று யாரிடமோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. அதைக் கேட்டு மேகலா சிரிக்கிற சத்தமும் கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், செடிக்குத் தண்ணீர் ஊற்ற அண்ணி என்னிடம் விட்டுப்போன சாவியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். வாசலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, சின்னதாக ஒரு கோலம் போட்டு, இரண்டு அகல் ஏற்றி வைத்தேன். தெருவில் போன ஒருத்தி, தீபாவளி போன வாரமே முடிந்துவிட்டதே டீச்சர் என்றாள். இந்த வீட்டுக்கு இன்றைக்குத்தான் என்று சொல்லிவிட்டு, எண்ணெய் தீர்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.